முதற் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் நூறு ஆண்டுகளைப் பற்றியும், இக்கல்லூரியைக் கட்டி வளர்த்த பெருமக்களைப் பற்றியும் எமக்கு முன்னர் பேசியோர் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். எமக்குத் தரப்பட்ட நேரத்தில் நாம் ஒரு சிறிய விடயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கராத்தே சுற்றுப்போட்டிகளில் மெத்தையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போடப்பட்டிருக்கும். அது பயிற்றுவிப்பாளருக்கு உரியது. கடந்த சில ஆண்டுகளாக எமது கல்லூரிப் பிள்ளைகளுக்காக அந்தக் கதிரையில் இருந்து வருபவர்கள் பழைய மாணவிகளாகிய நாம் நால்வர். அங்கிருந்து நாம் கற்றதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

நாம் அந்தக் கதிரைக்கு வந்த காரணம் மிகச் சாதாரணமானது. எமது பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி அளிக்கும் சென்செய், போட்டி நாட்களில் நடுவர் குழாமில் கடமையாற்ற வேண்டியவர். ஒரே நேரத்தில் நடுவராகவும் ஒரு பாடசாலையின் பயிற்றுவிப்பாளராகவும் இருக்க முடியாது. பொறுப்பாசிரியைக்கோ கராத்தே தெரியாது. "நீங்கள் படிக்கிற காலத்திலே பழகினவைதானே, வந்து இருங்கோ" என்று சென்செய் கேட்டார். எம்மில் ஒருவர் வங்கியில் இருக்கிறார், இருவர் ஆசிரியைகள், ஒருவர் வைத்தியர். பழகியது எமக்குத் தெரியும். பழகாத ஒரு பிள்ளையை முதன்முதலாக மெத்தையில் ஏற்றுவது வேறொரு வேலை. அதைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது.

கராத்தே பாடசாலைக்குள் வந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒகினாவாத் தீவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோசு அங்கோ என்ற ஆசான், பிள்ளைகளின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் உதவும் என்று கூறி அதைப் பாடசாலைகளுக்குள் கொண்டு வந்தார். அவரிடம் பயின்ற புனாகோஷி கிச்சின் ஒரு பாடசாலை ஆசிரியர். அவர் 1922இல் தோக்கியோவில் அதைச் செய்து காட்டிய பின்னரே ஜப்பானின் பெருநிலப்பரப்பில் அது பரவியது. ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதலாவது அகில ஜப்பான் சுற்றுப்போட்டி நடந்தது 1957இல்; அவர் காலமானதும் அதே ஆண்டில்தான். ஆகவே பாடசாலை முதலில் வந்தது, சுற்றுப்போட்டி அரை நூற்றாண்டு கழித்து வந்தது. இந்த ஒழுங்கை நாம் மனதில் வைத்திருப்பது நல்லது.

இனிப் போட்டியைப் பற்றி. இங்கிருக்கும் பெற்றோர் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். எட்டு மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் கொண்ட சதுரம். ஒரு பிள்ளைக்குச் சிவப்புப் பட்டி, மற்றப் பிள்ளைக்கு நீலப் பட்டி. கைக்குத்துக்கு 1 புள்ளி, உடலில் உதைத்தால் 2, தலை உயரத்துக்கு உதைத்தால் 3. உலக கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி 14 வயதுக்குக் குறைந்தோருக்கு ஒன்றரை நிமிடம், 14 முதல் 17 வரை இரண்டு நிமிடம். புள்ளிகள் சமமானால், எதிராளி பதிலுக்குப் பெறாத முதற் புள்ளியை எடுத்தவர் வெல்வார். சதுரத்தை விட்டு வெளியே கால் வைத்தால் எச்சரிக்கை. அடி எதிராளியின் மேல் பாரமாக விழக் கூடாது. கட்டுப்பாடு இல்லாத அடிக்குத் தண்டனை உண்டு. பிள்ளைகளின் போட்டியில் முகத்தைப் பொறுத்தவரை இந்த விதி இன்னும் இறுக்கமானது.

கட்டுப்பாடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க நாம் ஓர் உதாரணத்தைச் சொல்வதுண்டு. கராத்தே முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது தோக்கியோவில், 2021 ஓகஸ்டில். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதி அரேபிய வீரர் தாரெக் ஹாமெதி 4க்கு 1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் உயர்த்தி உதைத்த உதை ஈரானிய வீரர் சஜாத் கஞ்சாதேயின் தலையில் பாரமாகப் பட்டது. கஞ்சாதே நினைவிழந்து விழுந்தார். ஹாமெதி தகுதி நீக்கப்பட்டார், தங்கம் கஞ்சாதேக்குச் சென்றது. பிள்ளைகள் இதைக் கேட்டதும், "அப்ப விழுந்தவரா வெண்டவர்?" என்று வியப்போடு கேட்பார்கள். அடிக்கும்போது எதிராளியின் பாதுகாப்புக்கும் நாமே பொறுப்பு என்பது அதன் பின் அவர்களுக்கு எளிதாக விளங்குகிறது.

கதிரையில் இருப்பவரின் வேலை போட்டிக்கு முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. பதிவுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆகியவை ஒருபுறம். நகம் வெட்டியிருக்கிறதா, தோடு கழற்றியாயிற்றா, பல்லுக்குப் போடும் கம்ஷீல்ட் அளவாக இருக்கிறதா என்பன மறுபுறம். எமது கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னலும் றிபனும் வழக்கம். கராத்தே விதிப்படி றிபன், மாலைமணி, உலோகக் கிளிப் எதுவும் கூடாது. ஒற்றையாகக் கட்டி றப்பர் வளையம் போடலாம். மூக்குக்கண்ணாடியும் கூடாது. கண்ணாடி இல்லாமல் பழகியிராத பிள்ளைக்கு அன்று எதிராளியின் கை தெளிவாகத் தெரியாது. இவை சின்னச் சின்ன விடயங்கள். ஆனால் மெத்தைக்கு அருகே மத்தியஸ்தர் திருப்பி அனுப்பும்போது, ஏற்கெனவே பயந்திருக்கும் ஒரு பிள்ளையின் கண் நிறைந்துவிடும். ஆகவே இவற்றை முதல் நாள் மாலையே கல்லூரி மண்டபத்தில் பார்த்து முடித்துவிடுகிறோம்.

நிறை பற்றி ஒரு வார்த்தை. வயதுப் பிரிவோடு நிறைப் பிரிவும் இருப்பதால், ஒரு கிலோ கூடுதலாக உள்ள பிள்ளை பட்டினி கிடந்தோ தண்ணீர் குடிக்காமலோ நிறையைக் குறைக்கலாமா என்று கேட்பதுண்டு. 1997ஆம் ஆண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழக மல்யுத்த வீரர்கள் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள் இறந்தார்கள். மூவருமே வெப்பத்தில், காற்றுப் புகாத உடை அணிந்து, நீர் அருந்தாமல், வியர்வையால் நிறையைக் குறைக்க முயன்ற இளைஞர்கள். அதன் பின்னரே அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்தத்தின் நிறை விதிகள் மாற்றப்பட்டன. வளரும் வயதில் உள்ள, மாதவிடாய் தொடங்கிய, பலர் இரும்புச் சத்துக் குறைவோடு இருக்கும் எமது பிள்ளைகளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். கூடினால் கூடிய பிரிவில் விளையாடட்டும். தோற்றாலும் வீட்டுக்கு நலமாகப் போவாள்.

போட்டி நாள் விடியற்காலையில் தொடங்கும். பஸ்ஸில் ஐந்து மணிக்கு ஏறிய பிள்ளை மெத்தையில் ஏறுவது சில வேளை பிற்பகல் இரண்டு மணிக்கு. இடையில் உள்ள அந்த ஒன்பது மணித்தியாலங்கள்தான் அவளைக் களைக்கச் செய்கின்றன. தகரக் கூரை உள்ளரங்கில் வெக்கை தாங்க முடியாது. காலையில் இடியப்பமோ பாணோ சாப்பிட வேண்டும். பிறகு வாழைப்பழம், பணிஸ், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். வியர்வை அதிகமானால் ஜீவனி. எண்ணெய்ப் பலகாரம் போட்டி முடிந்த பிறகு. தன் பெயர் வாசிக்கப்படுவதற்கு 20 நிமிடத்துக்கு முன் எழுந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். அதுவரை படியில் இருந்து மற்றவர்களின் சண்டையைப் பார்த்துப் பயந்து கொண்டிருக்காமல், தோழியோடு கதைத்துக் கொண்டிருக்கட்டும்.

அடுத்தது, கதிரையில் இருந்து என்ன சொல்வது என்பது. இதற்கு விடை பிள்ளைகளிடம் இருந்தே கிடைத்தது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்னர் கல்லூரி மண்டபத்தில் ஒத்திகைப் போட்டி வைத்தோம். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று கூச்சலிடச் சொன்னோம். ஒவ்வொரு சுற்றும் முடிந்த பின் விளையாடிய பிள்ளையிடம், நாம் சொன்னதில் என்ன கேட்டது என்று விசாரித்தோம். தரம் 7 பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "அக்கா, நீங்கள் கதைச்சது கேட்டது. என்ன எண்டு விளங்கேல்லை."

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பயம் வந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, பார்வை எதிராளியின் மேலேயே குவிகிறது, காதில் விழும் நீண்ட வசனத்தைப் பிரித்து அறிய மூளைக்கு நேரம் கிடைப்பதில்லை. முன்பே பழகிய ஒற்றைச் சொல் மட்டும் உள்ளே போகும். ஆகவே நாம் மூன்று சொற்களைத் தெரிந்து கொண்டோம். "நடு" என்றால், பின்னால் கோடு வந்துவிட்டது, சதுரத்தின் நடுவுக்கு வா. "கை" என்றால், காப்புக் கை கீழே இறங்கிவிட்டது, உயர்த்து. "மூச்சு" என்றால், மூச்சைப் பிடித்துக் கொண்டிருக்கிறாய், வெளியே விடு. இரண்டு வாரமும் பயிற்சியில் இதே சொற்கள், இதே குரல். போட்டியன்று, மத்தியஸ்தர் 'யமே' என்று நிறுத்தும் இடைவெளியில் அவள் எம்மைப் பார்க்கும்போது, மூன்றில் ஒன்று மட்டும். நல்ல பயிற்றுவிப்பாளர்களைப் பார்த்து நாம் கற்ற இன்னொன்றும் உண்டு: முகம். கதிரையில் இருப்பவரின் முகத்தைப் பிள்ளை படிக்கிறாள். மத்தியஸ்தரின் தீர்ப்புக்கு நாம் தலையில் கை வைத்தால், அநியாயம் நடந்துவிட்டது என்று அவள் நம்பிவிடுவாள். அடுத்த ஒரு நிமிடம் அவள் எதிராளியோடு விளையாட மாட்டாள், அநியாயத்தோடு விளையாடுவாள்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. 16 பிள்ளைகள் விலகல் முறையில் விளையாடினால், முதற் சுற்றில் 8 பேர் தோற்கிறார்கள். அடுத்ததில் 4, பிறகு 2, கடைசியில் 1. மொத்தம் 15 பேர் தோற்கிறார்கள், ஒருத்தி மட்டும் தோற்காமல் வீடு செல்கிறாள். அதுவும் முதற் போட்டிக்கு வந்த பிள்ளை பெரும்பாலும் முதற் சுற்றிலேயே வெளியே வருவாள். எனவே ஆரம்பநிலைப் பிள்ளைகளின் பயிற்றுவிப்பாளர் தம் நேரத்தில் பெரும்பகுதியைத் தோற்ற பிள்ளைகளோடுதான் செலவிடுகிறார். அந்த வேலைக்கே நாம் முதலில் ஆயத்தமாக வேண்டும்.

தோற்று வரும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் நுட்பம் பேசுவதில்லை என்று எமக்குள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். முதலில் எதிராளிக்கும் எதிராளியின் பயிற்றுவிப்பாளருக்கும் குனிந்து வணங்கிவிட்டு வர வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு கையுறையை நாமே கழற்றிவிடுகிறோம். நடுங்கும் கையால் அவளுக்கு முடியாது. அழ விரும்பினால் அழட்டும், "அழாதை" என்று யாரும் சொல்வதில்லை. அரை மணித்தியாலம் கழித்து ஒரே ஒரு கேள்வி: "உனக்குப் பிடிச்சது எது?" அநேகமாக ஏதாவது ஒன்று வரும். "ஒரு குத்துச் சரியாப் போனது அக்கா, அவ பின்னால போனவ." அதைப் பிடித்துக் கொண்டு அடுத்த சனிக்கிழமை பயிற்சியைத் தொடங்கலாம். அவள் அடுத்த சனிக்கிழமை வருகிறாளா என்பதுதான் எமது பெறுபேறு. பதக்கப் பட்டியலை விட எமது கொப்பியில் இருக்கும் வரவுப் பட்டியலைத்தான் நாம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

இனி நாம் சொல்லப் போவது சற்றுக் கடினமானது. சில ஆண்டுகளுக்கு முன்னர், 15 வயதான எமது பிள்ளை ஒருத்தி தனது முதலாவது பெரிய போட்டியில் அரையிறுதி வரை வந்தாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தபோது எதிராளியின் குத்து அவளது தாடையில் பட்டது. விழுந்தாள், உடனே எழுந்தாள். விழுந்தவர் 10 செக்கனுக்குள் எழுந்து நிற்காவிட்டால் அவர் அன்றைய சண்டைப் போட்டிகளிலிருந்து விலக்கப்படுவார்; இவள் மூன்று செக்கனில் எழுந்துவிட்டாள். நினைவு தவறவில்லை, இரத்தம் இல்லை. எஞ்சியிருந்த சில செக்கன்களில் ஒன்றும் நடக்கவில்லை. அவளே வென்றாள். அரங்கில் எமது பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். கல்லூரிக்கு அந்தப் பிரிவில் ஓர் இறுதிப் போட்டி கிடைத்துப் பல வருடங்களாயிருந்தன.

அவள் மெத்தையை விட்டு வரும்போது பட்டியைக் கழற்ற மறந்து நேரே நடந்து போனாள். கூப்பிட்டு இருத்தினோம். எந்த அரங்கில் இருக்கிறோம் என்று கேட்டோம், சரியாகச் சொன்னாள். இப்போது எந்தச் சுற்று முடிந்தது என்றோம், யோசித்தாள். இதற்கு முதல் யாரோடு விளையாடினாய் என்றோம். காலையில் முதற் சுற்றில் விளையாடிய பாடசாலையின் பெயரைச் சொன்னாள். லைற் கண்ணுக்குக் குத்துது என்றாள். பிறகு எமது முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒண்டும் இல்லை. விடுங்கோ, நான் விளையாடுவன்" என்றாள்.

மூளை அதிர்ச்சியை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் நினைவு தவறுவதில்லை. தலையில் நேரடியாக அடிபடவும் தேவையில்லை. தாடையிலோ கழுத்திலோ பட்ட அடி தலையை உலுக்கினாலே போதும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சம் கூசுதல், மந்தம், சற்று முன் நடந்ததை மறத்தல், வழக்கமில்லாத எரிச்சலோ அழுகையோ, இவற்றில் ஒன்று தெரிந்தாலே அன்றைய நாள் அவளுக்கு முடிந்தது. சந்தேகம் இருந்தாலும் அப்படியே. விளையாட்டு மூளை அதிர்ச்சி பற்றிய சர்வதேச நிபுணர்கள் 2022இல் அம்ஸ்ரடாமில் கூடி வெளியிட்ட இணக்க அறிக்கையும் இதையே சொல்கிறது: அதே நாளில் மீண்டும் களமிறக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் பலவீனம், இரட்டையாகத் தெரிதல், கழுத்து வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே வைத்தியசாலை.

நாம் அவளைப் போட்டியிலிருந்து விலக்கிக் கொள்வதாக மேசைக்குச் சென்று அறிவித்தோம். இறுதிப் போட்டி நடைபெறாமலே எதிராளிக்குத் தங்கம் வழங்கப்பட்டது. அவளுடைய தந்தை ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வந்திருந்தார். "டொக்டர், இவ்வளவு தூரம் வந்திட்டம். இன்னும் ரெண்டு நிமிசம் தானே" என்றார். அவர் கேட்டதில் பிழை இல்லை. பிள்ளை நிமிர்ந்து நின்று கொண்டிருந்தாள், வெளியே ஒரு கீறல் கூட இல்லை. "ஐயா, போட்டி வாற வருசமும் நடக்கும். இண்டைக்கு இந்தத் தலையிலை இன்னொரு அடி விழுந்தால் என்ன நடக்கும் எண்டு எங்களாலை பொறுப்புச் சொல்ல ஏலாது" என்றோம். அவர் எம்மோடு பேசாமல் மகளைக் கூட்டிக் கொண்டு, நாம் எழுதிக் கொடுத்த துண்டோடு வைத்தியசாலைக்குப் போனார்.

அவளுக்குத் தலையிடி ஒன்பது நாட்கள் இருந்தது. முதல் இரண்டு நாள் ஆறுதல், பிறகு மெல்ல நடை, பிறகு வகுப்பு, பிறகு தனியாக உடற்பயிற்சி, கடைசியாக, வைத்தியர் பார்த்து அனுமதித்த பின்னரே, எதிரே ஒருவரை வைத்துப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். குறி திரும்பினால் நிறுத்தி, ஒரு படி கீழே. ஐந்தாம் வாரம் அவள் கையுறை போட்டாள். அன்று தந்தையார் மண்டப வாசலில் பயிற்சி முடியும்வரை நின்றார். அடுத்த வருடம் அவள் இரண்டாம் சுற்றில் தோற்றாள். இவ்வருடம் உயர்தரம் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து தரம் 6 தங்கைமாருக்குக் கையுறை கட்டிவிடுகிறாள்.

அந்த நாளுக்குப் பிறகு நாம் ஓர் ஏற்பாட்டைச் செய்தோம். போட்டிக்கு முன்னர் பெற்றோரைக் கூட்டி, கதிரையில் இருப்பவர் பிள்ளையை எந்தக் கட்டத்திலும் விலக்கலாம், அந்த முடிவை அன்று யாரும் மாற்றக் கேட்பதில்லை என்று எழுதிக் கையொப்பம் பெறுகிறோம். அரங்கின் ஆரவாரத்துக்குள் எடுக்க முடியாத தீர்மானத்தை அமைதியான ஒரு மாலையில் எடுத்து வைக்கலாம். தந்தை தாய்மாருக்கும் இது ஆறுதலாக இருப்பதைக் காண்கிறோம்.

அதே கூட்டத்தில் இன்னும் இரண்டைச் சொல்கிறோம். மூக்கால் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம்; முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். முளைத்த நிரந்தரப் பல் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு உடனே பல் வைத்தியரிடம் போக வேண்டும். இவற்றை அறிந்த ஒருவர் மெத்தைக்கு அருகே இருப்பது நல்லது.

சபையோரே, நூற்றாண்டு காணும் எமது சங்கத்திடம் ஒரு விண்ணப்பத்தோடு இவ்வுரையை முடிக்கிறோம். கல்லூரிக்குக் கட்டடம் தந்தவர்களும் புலமைப்பரிசில் தந்தவர்களும் எம்மிடையே உண்டு. இப்போது சனிக்கிழமைகளும் தேவைப்படுகின்றன. கராத்தேக்கு மட்டுமல்ல, வலைப்பந்துக்கும், சதுரங்கத்துக்கும், மெய்வல்லுநர் போட்டிக்கும் பிள்ளைகள் விடியற்காலை பஸ் ஏறுகிறார்கள். அவர்களோடு ஏறிச் சென்று, தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் கொண்டு, தோற்று வரும்போது அருகில் இருப்பதற்கும், வேண்டிய இடத்தில் "போதும், வா" என்று சொல்வதற்கும் வளர்ந்த பெண்கள் வேண்டும். அந்த விளையாட்டில் நீங்கள் சிறந்து விளங்கியிருக்க வேண்டியதில்லை. விதிப்புத்தகத்தை இரண்டு மாலையில் படித்துவிடலாம். மீதியைப் பிள்ளைகள் கற்றுத் தருவார்கள்.

பெயர் தர விரும்பும் அக்காமாரும் தங்கைமாரும் வாசலில் உள்ள மேசையில் பதிந்து செல்லுங்கள். அடுத்த வலயப் போட்டிக்கு எமக்கு இன்னும் மூன்று பேர் குறைவு.